பேரிங் 600 ரூபாய், டப் 9,000 ரூபாய்: இப்போதைய மெஷின்களை ஏன் சரிசெய்ய முடிவதில்லை?

கொங்குச்செல்வி

வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், ஏசி என்று எதை எடுத்தாலும் இப்போது ஒரே கதையாக இருப்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷின் ஸ்பின் ஓடும்போது சுவர் அதிரும் அளவுக்குச் சத்தம் போட்டது. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த தம்பி டிரம்மைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு "பேரிங் போச்சுங்க மேடம்" என்றார். சரி, மாற்றிக் கொடுங்கள் என்றேன். பேரிங் மட்டும் வராதாம். தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டியான டப், அதற்குள் துணியோடு சுற்றும் டிரம், பேரிங், சீல் எல்லாம் சேர்த்து ஒரே பாகமாகத்தான் வருமாம், அதற்கு 9,000 ரூபாய்க்கு மேல், கூலி தனி. கூடவே "இன்னும் கொஞ்சம் போட்டா எக்ஸ்சேஞ்சுல புதுசே எடுத்துக்கலாம்" என்று ஆலோசனையும் வந்தது. டவுன்ஹால் பக்கம் பேரிங் கடையில் விசாரித்தேன். இரண்டு பேரிங்கும் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிகிறது.

பேரிங் தேய்ந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, சுற்றுகிற எதுவும் தேயத்தான் செய்யும். ஆனால் தேய்கிற பாகத்தைத் தேயாத பாகத்தோடு சேர்த்து ஒட்டிவைத்து, ஒன்று போனால் இரண்டையும் வாங்கு என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. டப் நன்றாக இருக்கிறது. டிரம்மில் கீறல்கூட இல்லை. மோட்டாருக்கு 10 வருஷ வாரண்டி என்ற ஸ்டிக்கர் இன்னும் முன்னால் பளிச்சென்று இருக்கிறது.

நம் ஊர் கிரைண்டரைப் பாருங்கள், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே வாங்கிய பொருள். பெல்ட் அறுந்தால் பெல்ட், கெப்பாசிட்டர் போனால் கெப்பாசிட்டர், கல் மழுங்கினால் கொத்திக்கொள்ளலாம். மிக்ஸியும் அப்படித்தான், கார்பன் பிரஷ், கப்ளர், புஷ், பிளேடு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறது, ஊருக்கு ஊர் மாற்றித் தரக் கடை இருக்கிறது. அடுப்படியில் முடிகிற ஒன்று வாஷிங் மெஷினில் மட்டும் ஏன் முடியாமல் போகிறது? உள்ளே வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை மெக்கானிக்

அக்கா, அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை. பல மாடல்களில் கம்பெனி பார்ட்ஸ் லிஸ்டில் பேரிங் என்று தனி வரியே இருக்காது, அவர் என்ன செய்வார். நான் மதுரையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட், டப்பின் பின்சுவரில் இரண்டு பேரிங் வழியாக வெளியே வரும். தண்ணீர்ப் பக்கம் ஒரு ரப்பர் ஆயில் சீல் இருக்கும். பெரும்பாலும் முதலில் போவது பேரிங் இல்லை, அந்தச் சீல்தான். அது லேசாகத் தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் கசிந்து உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். அப்புறம் துரு, அப்புறம் நீங்கள் கேட்ட சத்தம். பின்மூடியைக் கழற்றினால் பேரிங் பக்கத்திலிருந்து பழுப்பாக ஒழுகிய கோடு தெரியும். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் ஷாஃப்ட் தப்பிக்கும்.

முன்பெல்லாம் டப் இரண்டு பாதியாக வரும். நடுவில் கேஸ்கெட், சுற்றிலும் ஸ்க்ரூ அல்லது கிளிப். கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதை இறக்கி, சீல் மாற்றி, சாயங்காலத்துக்குள் ஓடவிட்டுவிடுவோம். இப்போது பல மாடல்களில் இரண்டு பாதியையும் சூட்டில் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். தொழிற்சாலையில் ஸ்க்ரூ போடும் நேரமும் கேஸ்கெட் செலவும் மிச்சம், லீக் ஆவதும் குறைவு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் திறக்க வேண்டும் என்றால் ஒட்டிய கோட்டைப் பிடித்து ஹேக்ஸா பிளேடால் சுற்றிலும் அறுக்க வேண்டும். நான் அறுத்துத்தான் செய்கிறேன். விளிம்பைச் சுத்தம் செய்து, சிலிக்கான் போட்டு, சுற்றிலும் போல்ட் வைத்து இறுக்கினால் லீக் இல்லாமல் ஓடும். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை, 3,000 ரூபாய்க்குக் குறைந்து செய்தால் கட்டுப்படியாகாது. லீக் வந்தால் பெயர் கெடும் என்று நிறையப் பேர் தொடவே மாட்டார்கள்.

அறுக்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும், ஸ்பைடர். டிரம்மை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் மூன்று கால் வார்ப்பு அது. டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்பைடர் அலுமினியக் கலவை. இரண்டு உலோகம் சோப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் அரிப்பு அலுமினியத்துக்குத்தான் வரும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளிலும், சோப்புத்தூளை அளவில்லாமல் போடுகிற வீடுகளிலும் ஸ்பைடர் வெள்ளை மாவாக உதிர்ந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது உடைந்திருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. டிரம்மைக் கையால் சுற்றும்போது ஒரே சீராகக் கரகரவென்றால் பேரிங், ஒரு பக்கம் சாய்ந்து இடித்தால் ஸ்பைடர் என்று சந்தேகப்படலாம்.

கணக்குப்பிள்ளை

இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் பாதிதான் சொல்கிறீர்கள். பழைய பொருள் எல்லாம் உழைத்தது என்று பொதுவாகப் பேசுவது, மிஞ்சி நிற்பதை மட்டும் வைத்துச் சொல்வது. 1985இல் வாங்கி இன்னும் ஓடும் ஃப்ரிட்ஜை எல்லோரும் காட்டுவார்கள். அதே வருஷம் வாங்கி எட்டே வருஷத்தில் பழைய இரும்புக்குப் போனதைக் காட்ட யாரிடமும் எதுவும் இருக்காது. அன்றைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம் வேண்டும், அந்த விலைக்கு அது உழைத்துத்தான் ஆக வேண்டும். இன்றைக்கு வீட்டு வேலை செய்யும் அம்மா தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்குகிறார் என்றால் அதற்குக் காரணம் தயாரிப்புச் செலவு குறைந்ததுதான், அதில் அந்த ஒட்டிய டப்பும் அடக்கம். மக்கள் விலை குறைந்ததைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், எலக்ட்ரானிக் போர்டால் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்குச் சுமார் அரை யூனிட் மிச்சம். நாலு ஃபேன் உள்ள வீட்டில் இரண்டு மாத பில்லில் 120 யூனிட் குறையும். அந்த மிச்சத்துக்கு விலையாகத்தான் ஃபேனுக்குள் ஒரு போர்டு வருகிறது, போர்டு வந்தால் போர்டு பழுதும் வரும். பழைய ஃபேனில் போவதெல்லாம் ஒரு கெப்பாசிட்டர், இரண்டு பேரிங், அதிகம் போனால் காயில் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்காக வருஷா வருஷம் மின்சாரத்தை எரித்துக்கொண்டே இருக்க முடியாது.

கொங்குச்செல்வி

ஃபேன் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் வீட்டிலும் இரண்டு பிஎல்டிசி ஓடுகிறது. ஆனால் டப்பை ஒட்டுவதால் ஒரு யூனிட்கூட மிச்சமாவதில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். மின்சாரம் சேமிக்க வந்த போர்டு வரட்டும், போர்டு போனால் போர்டை மட்டும் நியாயமான விலைக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மக்கள் விலை குறைந்ததைத்தான் தேடி வாங்குகிறார்கள் என்கிறீர்கள். ஷோரூமில் நிற்கும் ஒருவருக்கு எந்த மெஷினின் டப் ஒட்டியது, எது ஸ்க்ரூ போட்டது என்று எப்படித் தெரியும்? ஸ்டார் லேபிள் திட்டம் 2006இல் வந்தது, 2010இலிருந்து ஏசிக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கும் கட்டாயமானது. வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அட்டையில் ஒட்டிய பிறகுதான் ஜனங்கள் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கப் பழகினார்கள். பேரிங் தனியாக வருமா, எத்தனை வருஷத்துக்கு ஸ்பேர் கிடைக்கும், போர்டு என்ன விலை என்று அதே மாதிரி ஓர் அட்டை ஒட்டினால் அதையும் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

நெக்கார்க்கரை

அக்கா, நீங்கள் கேட்கும் அட்டை பிரான்சில் இருக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து ஃப்ரண்ட் லோடு மெஷின், டிவி, லேப்டாப், கைபேசி என்று சில பொருள்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுநீக்கக் குறியீடு ஒட்ட வைத்தார்கள்; 2025இல் வாஷிங் மெஷினுக்கும் டிவிக்கும் அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதையும் சேர்த்த குறியீடாக மாறியது. அந்தப் பழுதுநீக்கக் குறியீட்டில் கழற்றுவது எவ்வளவு சுலபம், சர்வீஸ் விவரம் வெளியில் கிடைக்கிறதா, ஸ்பேர் எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்பதோடு, ஸ்பேரின் விலை பொருளின் விலையில் எவ்வளவு என்பதற்கும் மதிப்பெண் இருந்தது. உங்கள் 9,000 ரூபாய் டப் அந்த இடத்தில் அடிவாங்கியிருக்கும்.

நான் இருப்பது ஜெர்மனியில். இங்கே ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2021 மார்ச் 1 முதல் சந்தைக்கு வரும் வாஷிங் மெஷின்களுக்கு, அந்த மாடலின் கடைசி மெஷின் விற்ற பிறகும் குறைந்தது 10 வருஷம் ஸ்பேர் கொடுக்க வேண்டும், ஆர்டர் கொடுத்தால் 15 வேலை நாளுக்குள் வர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இழைக்கு ரொம்ப முக்கியமான ஒரு விஷயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டிரம், ஸ்பைடர், பேரிங் ஆகியவற்றைத் தனித்தனியாகவோ சேர்த்தோ கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். சேர்த்தோ என்ற அந்த ஒரு சொல் போதும், இங்கேயும் ஒட்டிய டப்பை முழுசாக விற்கிறார்கள், சட்டத்தில் அது குற்றமில்லை. நம் ஊரில் விதி வந்தால் இந்த ஓட்டையை முதலிலேயே அடைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒன்று. எல்லாம் பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மன் அரசின் சுற்றுச்சூழல் துறைக்காகச் செய்த ஆய்வு ஒன்று 2015இல் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. வாங்கி ஐந்து வருஷத்துக்குள் பழுதால் மாற்றப்பட்ட பெரிய வீட்டுச் சாதனங்களின் பங்கு 2004இல் 3.5 சதவீதம், 2012இல் 8.3 சதவீதம். அதே ஆய்வில் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது, மாற்றப்பட்டவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தவைதான். நல்லதொன்று வேண்டும் என்றே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

பொருநை

இந்த இழையைப் பார்த்ததும்தான் தோன்றியது. எங்கள் ஃப்ரிட்ஜில் கூலிங் நின்றுவிட்டது, வந்தவர் "பாடி லீக், ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கம்ப்ரசர் நன்றாக இருக்கிறதாம். நன்றாக இருக்கும் கம்ப்ரசரோடு முழு ஃப்ரிட்ஜையும் பழைய இரும்புக்குப் போடுவதா? திருநெல்வேலிப் பக்கம் வெயில் உங்களுக்குத் தெரியும், ஃப்ரிட்ஜ் இல்லாமல் ரொம்ப நாள் தள்ள முடியாது. மெக்கானிக் அண்ணன் யாராவது வழி சொல்லுங்கள்.

வைகை மெக்கானிக்

பொருநை, பழைய ஃப்ரிட்ஜில் பின்னால் கறுப்பாகக் கம்பிக் கம்பியாகத் தெரியுமே, அதுதான் உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் கன்டென்சர். இப்போது அதைப் பக்கச் சுவருக்குள் மறைத்துவிட்டார்கள், அதனால்தான் ஃப்ரிட்ஜின் இரு பக்கமும் சூடாக இருக்கிறது. பார்க்க அழகு, பின்பக்கத்தைச் சுவருக்கு நெருக்கமாக வைக்கலாம், தூசி சேராது. ஆனால் குழாயைச் சுற்றிலும் ஃபோம் ஊற்றி நிரப்பிவிடுவதால் உள்ளே ஊசித்துளை விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. முதலில் லீக் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கன்டென்சரைத் தனியாகத் துண்டித்து, நைட்ரஜன் பிரஷர் ஏற்றி, கேஜ் இறங்குகிறதா என்று ஒரு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். கன்டென்சர் பக்கம்தான் லீக் என்றால், உள்ளே இருப்பதை அப்படியே கைவிட்டு, பின்னால் வெளியே தனிக் கன்டென்சர் மாட்டி இணைத்துவிடலாம். நான் செய்த சில ஃப்ரிட்ஜ்கள் நன்றாக ஓடுகின்றன. ஃபோமுக்குள் இருக்கும், ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் குழாய் பக்கம் என்றால் கஷ்டம்தான்.

ஒரு எச்சரிக்கை. பின்னால் லேபிளில் ஆர்-600ஏ என்று போட்டிருந்தால் அது எரியும் வாயு. அதற்குப் பழகிய ஆளை மட்டும் வைத்துச் செய்யுங்கள். எரியும் வாயு வேண்டாம் என்று அதே கம்ப்ரசரில் ஆர்-134ஏ என்ற வேறு வாயுவை ஏற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்ப்ரசரின் எண்ணெய்க்கும் அளவுக்கும் அது பொருந்தாது, கொஞ்ச நாளில் கம்ப்ரசரும் போகும்.

போர்டு பற்றி பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் போர்டுகள் எரிவதில் பாதிப்பழி நம் கரண்ட்டுக்கும் உண்டு. தெருவில் நியூட்ரல் கம்பி கட் ஆனால் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறும், அன்றைக்கு ஒரே தெருவிலிருந்து வரிசையாக போன் வரும். அப்படி வரும்போது போர்டின் முகப்பில் இருக்கும் எம்ஓவி என்ற சின்ன வட்டு தன்னைப் பலிகொடுத்து ஃபியூஸை அடித்துவிடும். அதோடு நின்றிருந்தால் ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை. ஆனால் நிறையப் போர்டுகளை ஈரத்துக்கும் பூச்சி பல்லிக்கும் பயந்து மெழுகு மாதிரி ஒரு பசைக்குள் முழுக்க மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் நியாயமானது, நானே எரிந்த பல்லியை எத்தனையோ போர்டிலிருந்து எடுத்திருக்கிறேன். ஆனால் எம்ஓவியையும் ஃபியூஸையும் மட்டும் பசைக்கு வெளியே சாக்கெட்டில் வைக்கலாமே? சர்க்யூட் படத்தையும் கொடுப்பதில்லை. படம் இருந்தால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி வேலை பார்க்கும் பையன்கள் பாதிப் போர்டுகளை உயிர்ப்பித்துவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை

வெளிக் கன்டென்சர் விவரம் எனக்குப் புதிது, நன்றி. பசைக்கு வெளியே ஃபியூஸ் என்பதை முழுமனதாக ஆதரிக்கிறேன். அதில் தயாரிப்புச் செலவு பெரிதாக ஏறாது, மின்சாரச் சேமிப்பும் குறையாது. ஆனால் டப் விஷயத்தில் ஸ்க்ரூ, கேஸ்கெட் போட்டால் விலை கூடத்தான் செய்யும், அதை வாங்குபவர் தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொங்குச்செல்வி

தருகிறோம், எவ்வளவு கூடும் என்று அட்டையில் போடட்டும். சில நூறு ரூபாய் கூடி மெஷின் இன்னும் ஏழெட்டு வருஷம் ஓடும் என்றால் வேண்டாம் என்று சொல்கிற குடும்பத்தலைவி யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சர்வீஸ் செலவுக்குப் பயந்து இரண்டு நாளாகக் கையால் துவைப்பவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நாலு துறை. அந்த வருஷம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். கம்பெனிகள் தங்கள் சர்வீஸ், ஸ்பேர், வாரண்டி விவரங்களை அதில் போடலாம். போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லாதவரைக்கும் அது ஒரு விலாசப் புத்தகம்தான், வாங்குபவருக்கு அதில் பலம் எதுவும் கிடைக்கவில்லை. 2025இல் இன்னொரு குழு பழுதுநீக்கக் குறியீடு பற்றி அறிக்கை கொடுத்தது, தொடக்கம் கைபேசி, டேப்லெட். வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் அதற்குப் பிறகு என்று வரிசையில் நிற்க வைத்துவிடக் கூடாது. கைபேசியை நாம் ஆசைக்காகவும் மாற்றுகிறோம், வாஷிங் மெஷினை யாரும் ஆசைக்கு மாற்றுவதில்லை.

வாரண்டிக்குள் இருந்தும் இழுத்தடிக்கிறார்கள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பில், சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, பாகம் கிடைக்காது என்றால் அதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஆலமரத்தெரு

புது வீடு, எல்லாமே வாங்க வேண்டும். அண்ணா, கடைக்குப் போகும்போது என்ன கேட்பது? அப்படியே ஒரு சந்தேகம், அம்மா வீட்டில் கீசர் டேங்க் ஓட்டையாகி இரண்டாவது முறையாக மாற்றுகிறோம், தண்ணீர் ரொம்ப உப்பு. இதற்கும் இந்தக் கதைதானா?

வைகை மெக்கானிக்

கடைக்காரரிடம் கேட்டால் எல்லாம் கிடைக்கும் என்றுதான் சொல்வார். வாங்கும் முன் மாடல் நம்பரை எழுதிக்கொண்டு உங்கள் ஊரில் கம்பெனி சாராத ஒரு மெக்கானிக்கிடம் போய், இதைத் திறந்திருக்கிறீர்களா, போர்டு விலை என்ன, டப் பிரியுமா என்று கேளுங்கள், பத்து நிமிஷ வேலை. வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு 10 வருஷம் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. போர்டுக்கு எத்தனை வருஷம் என்று பாருங்கள். துவைக்கிற துணி குறைவு, தண்ணீரும் உப்பு என்றால் செமி ஆட்டோமேட்டிக்கையே யோசியுங்கள், டைமர், பெல்ட், மோட்டார், கெப்பாசிட்டர் அவ்வளவுதான் உள்ளே. ஏசி, ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று எழுதியிருந்தாலும், உங்கள் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்றால் வோல்டேஜ் அளவுமீறி ஏறினால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஹை கட் உள்ளதாக ஒன்று வைத்துவிடுங்கள்.

கீசர் கதை வேறு. டேங்குக்குள் மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும், டேங்கை அரிக்க வேண்டிய தண்ணீர் முதலில் அந்த ராடைத்தான் அரிக்கும். அது கரைந்து தீர்ந்ததும் அடுத்து டேங்க். இதை மாற்ற வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்வதில்லை, ஆனால் டேங்க் விலையோடு பார்த்தால் அது சொற்பக் காசு, தனியாகவே கிடைக்கிறது. உப்புத் தண்ணீர் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி மட்டும் மிஞ்சி நின்றால் மாற்றிவிட வேண்டும். எலிமெண்ட்டில் படிந்த சுண்ணாம்பையும் அப்போதே சுரண்டிவிடலாம், கேஸ்கெட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மூன்றாவது டேங்க் மாட்டியதும் ராடு மாற்ற வேண்டிய மாதத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.